வேலூர் – மேல்மொணவூர், வழி: மன்னார்

"அந்தச் சுவரிண்ட படத்தை மட்டும் அவவுக்குக் காட்டிப்போடாதேங்கோ தம்பி." அவர் இதைச் சொன்ன நேரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டுவிட்டது. யோசிக்க நேரமில்லை. சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு, ஒரு கையில் கருவாட்டுப் பார்சலும் ஒரு தோளில் பையுமாக ரோட்டுக்கு ஓடினேன். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தத் தலையாட்டல் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. இதுவரை மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்றான். இன்னொருத்தன், அது அந்த அம்மாவின் வீடும்தானே, மறைக்க நீ யார் என்றான். என் மனைவி மட்டும்தான் இரண்டுக்கும் முந்தைய கேள்வியைக் கேட்டாள்: "யார் வீட்டுச் சுவரையோ கேக்காம கொள்ளாம போய் நீங்க ஏன் படம் எடுத்தீங்க?" அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் வந்த ஒரு போனால் விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலூர்க்காரனுக்கு இலங்கை தூரத்து ஊர் கிடையாது. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் பண்ணுவார்களே, அதில் சாமியை 1981இல் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம். ராஜா விஷயத்திலும் அந்தப் பழமொழி முழு உண்மை இல்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1815இல் பிடித்த ஆங்கிலேயர்கள் அடுத்த வருஷம் கொண்டுவந்து அடைத்தது இந்தக் கோட்டைக்குள்தான். 1832இல் செத்தும் போனார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று சமாதி இருக்கிறது, ராஜாவின் சமாதி என்று தெரியாமலேயே அந்தப் பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறோம். எனக்கு ராஜாவெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் இலங்கை என்றால் சுரங்கம். 1995 ஆகஸ்டில் கோட்டைக்குள் இருந்த சிறப்பு முகாமிலிருந்து புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அகழியில் முதலை இருக்கும் என்று அதுவரை பயந்துகொண்டிருந்த நாங்கள், அந்த வாரத்திலிருந்து எங்கள் தெரு மண் மேட்டில் கரண்டியை வைத்துத் தோண்ட ஆரம்பித்தோம். பெரியவர்கள் முகத்தில் விளையாட்டு இல்லை. ராஜீவ் கொலைக்குப் பிறகான வருஷங்கள் அவை. 'இலங்கைப் பசங்க' என்று சொல்லும்போது அப்பாவின் குரல் தணியும்.

அப்புறம் அந்த 'இலங்கைப் பசங்க'தான் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வேலூரில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற பெயின்டர்கள் வேலை சுத்தம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, ஜன்னல் கம்பியில் ஒரு சொட்டு சிந்தாமல். மதியம் என் அம்மா போட்ட சோற்றைத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்று நினைத்து இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பையை மாட்டிக்கொண்டு

2024 பிப்ரவரியில் எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்குப் பத்து நாள் என்பது பெரிய விஷயம். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் ஓடிக்கொண்டிருந்தது, இந்தியர்களுக்கு அப்போது விசா இலவசம். அக்கா பையனிடம் முதுகுப்பை கடன் வாங்கினேன், லாங்கு பஜாரில் ஒரு தொப்பி வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஏ9 ரோட்டில் கீழே இறங்கி, முல்லைத்தீவு கடற்கரை, வவுனியா, மன்னார், அப்புறம் மேற்குக் கரையோரமாக ஏ32 ரோட்டில் திரும்பி வருவது என்று திட்டம். ஆட்டோ வைக்கக் கூடாது, எல்லாம் பஸ். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் இப்படிப் போவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. போர் நடந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று மனதில் ஒரு கம்பீரமான வாக்கியம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நூலகம், கோட்டை, நல்லூர் எல்லாம் நானும் பார்த்தேன். எனக்கு முக்கியமாகப் பட்டது பண்டத்தரிப்பு. 1820 வாக்கில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் வந்து மருத்துவம் பார்க்க ஆரம்பித்த இடம். 1836இல் அவர் மெட்ராஸ் பக்கம் போனார். பிள்ளைகள் நம் ஆற்காட்டுப் பகுதியில் மிஷன் தொடங்கினார்கள். பேத்தி ஐடா ராணிப்பேட்டையில் பிறந்தார். 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆக, ஆற்காடு ரோட்டில் இன்று நாம் நடக்க முடியாமல் திணறுகிற அந்தக் கூட்டத்தின் வேர் ஒரு வகையில் பண்டத்தரிப்பில் இருக்கிறது. அங்கே ஒரு கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட ஆக்கள்தான் உங்களுக்கு ஆஸ்பத்திரி தந்ததெண்டு சொல்லுங்கோ" என்று சிரித்தார். பெருமையாக இருந்தது, என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி.

ஏ9இல் தெற்கே போகப் போக எனக்கு வேட்டைக்காரன் கண் வந்துவிட்டது. முகமாலையில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தெரிந்தவுடன் பஸ் ஜன்னல் வழியாகப் படம். அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி எடுப்பவர்களில் நிறைய பேர் பெண்கள், பலர் வீட்டுக்கு அவர்கள் சம்பளம்தான் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். கேட்டுக்கொண்டே அடுத்த பலகைக்காகக் காத்திருந்தேன். ஆனையிறவில் நினைவுச் சின்னமாக நிறுத்திய புல்டோசர். கிளிநொச்சியில் சாய்ந்து கிடக்கிற ராட்சசத் தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் கட்டியைப் பிளந்துகொண்டு நிற்கும் ஷெல்லும் மேலே பூத்த தாமரையுமாக ராணுவம் வைத்திருக்கிற சின்னம். தெற்கிலிருந்து இரண்டு வேன்களில் வந்தவர்கள் குடும்பமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை ஐஸ்கிரீமோடு. எனக்குக் கோபம் வந்தது. என்ன ஜனங்கள், சாவு நடந்த இடத்தில் பிக்னிக் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர்கள் நகர்வதற்காகக் காத்திருந்தேன், என் ஃபிரேமுக்குள் வருகிறார்கள் என்று.

முல்லைத்தீவில் கொஞ்சம் அடங்கினேன். 2004இல் சுனாமி, 2009இல் போர், ஐந்து வருஷத்துக்குள் ஒரே கரையை இரண்டு தடவை துடைத்துப் போட்டிருக்கிறது. முள்ளிவாய்க்கால் என்பது ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல், நடுவில் மெல்லிய மணல். 2009 மே 18இல் எல்லாம் முடிந்த இடம். காலை ஏழு மணிக்குப் போனேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா நெத்தலியைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தார், நான் நடக்கிற வழியில் சாக்கு இருந்ததால் "பாத்து நடவுங்கோ" என்றார், அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. வட்டுவாகல் பாலத்தில் நின்று ஒன்பது படம் எடுத்தேன். அகலம் குறைந்த, ஓரங்கள் உடைந்த, தண்ணீரை ஒட்டிப் போகிற பழைய பாலம். கடைசி நாட்களில் ஜனங்கள் அதன் வழியாகத்தான் ராணுவத்தின் பக்கம் நடந்தார்கள். எல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். படித்ததும் கண்ணில் பார்ப்பதும் ஒட்டவே இல்லை, கீழே இறால் பிடிக்கிறார்கள், மேலே டியூஷன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஊரில் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் "மச்சி, பங்கர் ஏதாவது பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இறால் படத்தைப் போட்டேன், யாரும் பதில் போடவில்லை. இன்னும் நல்லதாக ஒன்று கிடைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு.

ஏ32

மன்னாரில் கழுதைகளையும் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் காலையில் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஏ32 அழகான ரோடு. இடது பக்கம் கடல் தெரிந்தும் தெரியாமலும் வரும், வலது பக்கம் வயல், காடு, பனை. பூநகரி தாண்டி சங்குப்பிட்டிப் பாலம் வழியாகக் குடாநாட்டுக்குள் போய்விடலாம். வழியில் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ரோட்டிலிருந்து நூறு அடி உள்ளே ஒரு சுவர் தெரிந்தது. கூரை இல்லை, மற்ற மூன்று பக்கமும் இல்லை, ஒற்றைச் சுவர். வெளிறிப்போன நீலம். அதில் அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். எட்டு நாளாகத் தேடினது இதுதான் என்று தோன்றிவிட்டது. கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிட்டேன்.

வேலி இருந்தது, அதாவது கதியால் நட்டு முள்கம்பி கட்டியிருந்தது. படலை திறந்திருந்தது. உள்ளே போனேன். அப்படியே போனேன், கூப்பிடவில்லை. வேலூரில் யார் வீட்டு காம்பவுண்டுக்குள்ளாவது நான் இப்படி நுழைவேனா? அங்கே அது எனக்கு வீடாகவே தெரியவில்லை, 'இடமாக'த் தெரிந்தது. கிட்டே போய் ஒன்று, குந்தி உட்கார்ந்து ஒன்று, ஓட்டைக்குள் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒன்று. சுவரின் அந்தப் பக்கம் தகரம் சாய்த்து ஆடு கட்டியிருந்தார்கள் என்பது ஒரு ஆடு கத்தியபோதுதான் தெரிந்தது. திரும்பினால் பத்தடி தள்ளி அறுபது வயதுக்காரர் ஒருவர், சாரத்தோடு, கையில் குழைக்கட்டு, எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"என்ன தம்பி, படம் எடுக்கிறியளோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். மழை வருமோ என்று கேட்பது போல. நான் ஏதோ உளறினேன், சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன், சுவர் பழசாக நன்றாக இருந்தது என்று. நன்றாக இருந்தது என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அவர் குழையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, "எவடம்? இந்தியாவோ?" என்றார். தமிழ்நாடு, வேலூர் என்றேன்.

"வேலூரோ!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே என்றால் வளவின் மறு பக்கத்தில் இருந்த சின்ன வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. நாற்பத்தாறாயிரம் வீடு வடக்கு கிழக்கில் அப்படிக் கட்டினார்கள், வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், மிச்சத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் பார்த்துக்கொண்டது நகையை அடகு வைத்து. பிற்பாடு தேத்தண்ணி குடிக்கும்போது "உங்கட வீட்டிலதான் தம்பி இருக்கிறியள்" என்று சிரித்தார், எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போனவர் ஒரு பழைய தபால் உறையோடு வந்தார். நம் ஊர்த் தபால்தலை ஒட்டியது. அனுப்புநர் இடத்தில் உருண்டையான கையெழுத்தில் மேல்மொணவூர், வேலூர்.

"என்ர தங்கச்சி. தொண்ணூறாம் ஆண்டு போனவ. போயிருக்கிறியளோ அங்க?"

பெங்களூர் ரோட்டில் அந்தப் பக்கமாக எத்தனை நூறு தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஆம்பூருக்கு பிரியாணிக்கு, குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்கு. 2021 நவம்பரில் அங்கே புது வீடுகளுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டியதும், 2023 செப்டம்பரில் திறந்ததும் பேப்பரில் படித்தேன். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் தெரியும். டீக்கடையில் அதைப் பற்றிக் கருத்துகூடச் சொல்லியிருக்கிறேன். போனதில்லை. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். "இல்லண்ணே" என்றேன். அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவே இல்லை, "உங்களுக்கு அங்க என்ன வேலை" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். எனக்கு அதுதான் பட்டது. மன்னாரில் எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். 2008இல் ராணுவம் இந்த ரோட்டோடு வடக்கே ஏற ஏற, இவர்களும் டிராக்டரில் சாமானைப் போட்டுக்கொண்டு கிழக்கே நகர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமான் குறைந்து, கடைசியில் வட்டுவாகல் பாலத்துக்கு வரும்போது கையில் ஒரு பை. நான் ஒன்பது படம் எடுத்த பாலத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அதில செருப்பு அறுந்துபோச்சு தம்பி. ஒற்றைச் செருப்போடதான் மெனிக் ஃபாம் போனன். மற்றக் காலுக்குச் செருப்பு கிடைக்கக் கன நாள் போச்சு." மெனிக் ஃபாம் என்பது போரின் கடைசியில் அப்படி நடந்து வந்த ஜனங்களை அடைத்துவைத்த முகாம். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. அவரும் ஆட்டுப் பால் விலைக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது கட்டாக் கருவாடு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, இன்னொரு பையில் போட்டுக் கொடுத்தார். தங்கச்சிக்கு. அப்போதுதான் சுவர் விஷயம். நான் எதற்கு என்று கேட்கவில்லை, அவராகவே சொன்னார். 2010இல் திரும்பி வந்ததும், வீடு முழுசாகப் போய்விட்டது என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டாராம். "முழுசாப் போச்செண்டா ஒருக்கா அழுது முடிச்சிடுவா. ஒரு பக்கம் நிக்குதெண்டு தெரிஞ்சா வரவேணும் வரவேணுமெண்டு நிப்பா. பிள்ளையள் அங்க பிறந்ததுகள், அங்க படிக்குதுகள். இஞ்ச வந்து என்ன செய்யிறது?" சுவரை ஏன் இடிக்கவில்லை என்று கேட்டேன். "இடிக்கக் காசு வேணுமே. ஆட்டுக்கும் ஒரு பக்கம் மறைப்பு" என்றார். பஸ் வந்துவிட்டது.

அன்று ராத்திரி யாழ்ப்பாணத்தில் லாட்ஜில் படுத்துக்கொண்டு படங்களை எண்ணினேன். நானூற்றுச் சொச்சம். மனுஷ முகம் இருந்தது ஏழு, அதில் இரண்டு என் செல்ஃபி. அவரை ஒரு படம் எடுக்கவில்லை.

கருவாடு

கருவாட்டோடு விமானத்தில் வந்த கதையைத் தனியாக எழுதலாம். அக்கா பையன் அந்தப் பையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். வீட்டில் இன்னும் மோசம், ஏனென்றால் முகாமுக்குள் வெளியாள் போக அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் மூலம் சொல்லி, யார், எதற்கு, என்ன உறவு என்று பதில் சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நாள். அதுவரை பார்சல் மொட்டை மாடியில். கடல் தாண்டி ஒருத்தர் வளவுக்குள் கேட்காமல் நுழைந்தவன், என் சொந்த ஊரில் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போக வரிசையில் நின்றேன். யாரையும் குறை சொல்லவில்லை, கணக்கு அப்படித் தீர்ந்தது.

அவர் தங்கச்சி, எனக்கு அக்கா, நாற்பத்தெட்டு வயது. பதினாலு வயதில் சித்தியோடு பேசாலையில் படகு ஏறியவர். அவர் வீட்டுக்காரர் பெயின்டர், அன்றைக்குக் காட்பாடியில் வேலைக்குப் போயிருந்தார். புது வீடு, சின்னது, சுத்தமாக இருந்தது, பெயின்ட் வேலை சொல்லவே வேண்டாம். பேச்சில் ஓமும் இருந்தது ஆமாவும் இருந்தது, பாதி வாக்கியம் மன்னாரில் ஆரம்பித்து வேலூரில் முடியும். பையன் அப்படி இல்லை, முழு வேலூர். பார்சலைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, இந்த நாத்தம் நாறுது" என்றான். அக்கா கருவாட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "உப்புக் கூட. அண்ணிக்கு இப்பவும் கருவாடு போடத் தெரியேல்லை" என்றார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படங்களைக் காட்டினேன். சுவர்ப் படங்களை முதல் நாளே வேறு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன், கெட்டிக்காரன். வீட்டுத்திட்ட வீடு, ரோடு, பனை, கடல். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார், நான் படத்தில் எடுத்த பொருளை விட்டுவிட்டு ஓரங்களை. இது யார் வேலி, இந்தத் தென்னை எப்போது வைத்தது. கடைசியில் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "சுவரைக் காட்டேல்லையே" என்றார்.

எந்தச் சுவர் என்று கேட்டேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"அண்ணன் சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும் தம்பி. வீடியோ கால்ல அவர் அந்தப் பக்கம் போனைத் திருப்பவே மாட்டாரு. ஆனா ஆடு கத்துறது கேக்கும். ஆட்டை எங்க கட்டியிருக்கேன்னு ஒருக்கா கேட்டன், சுவரோடன்னு வாய் தவறிச் சொல்லிட்டாரு. அது அஞ்சாறு வருஷம் ஆச்சு." அவர் அதைக் கண்டுகொள்ளாத மாதிரியே இருந்துவிட்டாராம், அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று.

சரி என்று அந்த ஃபோல்டரைத் திறந்தேன். வேறு என்ன செய்வது. வெளிச்சம் ஓட்டை வழியாக விழுகிற அந்தப் படம், நான் இருப்பதிலேயே நல்லது என்று நினைத்திருந்தது, அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். "நீலம் அப்படியே இருக்கு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் என்னவோ சொல்ல வேண்டும் என்று, எவ்வளவு சன்னம் பட்டிருக்கு பாருங்கக்கா என்றேன், துப்பாக்கிக் குண்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் அந்தப் பெரிய ஓட்டையின் மேல், வெளிச்சம் வருகிற அதே ஓட்டையின் மேல், விரலை வைத்தார்.

"இது சன்னம் இல்லை தம்பி. மடு மாதா படம் மாட்ட நான் ஆணி அடிச்சது. சாந்து அப்படியே பேந்து விழுந்துச்சு, கல்லும் ஆடிப்போச்சு. அம்மா விளக்குமாத்தால விளாசிட்டா. அண்ணன்தான் போட்டுக் குடுத்தது."

பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "நீதானா அது" என்று சிரித்தான். படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கிளம்பும்போது வாசலில் வைத்து, "அண்ணன்ட்ட சொல்லிடாதீங்க. மறைச்சு வெச்சிருக்கிறதாவே நினைச்சிக்கினு இருக்கட்டும், பாவம்" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார். ஒவ்வொரு தடவையும் பேச்சோடு பேச்சாக, "அந்தப் படம் காட்டேல்லைதானே?" என்பார். இல்லண்ணே என்பேன். போன வாரம் பண்ணும்போது குரலில் உற்சாகம். ஆடு இப்போது பதினொன்று ஆகிவிட்டதாம், சீமெந்துத் தூண் வைத்து நல்ல கொட்டிலாகப் போடப் போகிறாராம், கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, மழைக்கு முன்னால் அந்தச் சுவரை இடித்துக் கல்லை அடித்தளத்துக்குப் போட்டுவிடலாம் என்று மேசன் சொல்லியிருக்கிறார். "நல்ல காலம் நீங்கள் அவவுக்குக் காட்டேல்லை" என்றார்.

அக்காவின் போனைத் திறந்தால் முகப்பில் இருப்பது அந்த நீலச் சுவர்தான். நேற்று மேல்மொணவூர்ப் பக்கம் போகிற வேலை இருந்தது. பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை.